தென்னையில ஸ்பைக் குத்தின ஓட்டை மூடுமா?

கயிறுவாத்தி:
"தென்னை, ராயல் பாம் (அழகுக்கு நடுற பனை வகை) எல்லாத்துக்கும் ஸ்பைக் (கால்ல கட்டுற இரும்பு முள்) மாட்டி ஏறலாம், ஓட்டை ஆறு மாசத்துல மூடிக்கும்"னு பக்கத்து இழையில ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார். அதுக்கு லைக் வேற. அய்யா, மூடாது. தூங்குமூஞ்சி, அங்சானா மாதிரி இங்க சிங்கப்பூர்ச் சாலையோர மரங்கள்ல பட்டைக்கு அடியில கேம்பியம்னு மெல்லிய அடுக்கு இருக்கு. காயம் பட்டா அது ஓரத்துல உதடு மாதிரி தடிச்சு, மெல்ல மெல்ல மூடிட்டு வரும். தென்னைக்கு அந்த அடுக்கே கிடையாது. குத்தின ஓட்டை குத்தினபடியே நிக்கும், மரம் இருக்கிற வரைக்கும். ஸ்பைக் வெட்டிச் சாய்க்கப்போற மரத்துக்குத்தான். மட்டை கழிக்க, காய் இறக்க இல்ல.

ஈசூன்_எறும்பு:
வந்துட்டார்யா வாத்தி. எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். ஊர்ல அரிவாளால படி வெட்டித்தான் தென்னை ஏறுறாங்க. அந்த மரமெல்லாம் தலைமுறை தாண்டிக் காய்க்குது. ஸ்பைக் ஓட்டை அதுல கால்வாசி கூட இல்ல. அதுல மரம் செத்துடுமா?

கயிறுவாத்தி:
செத்துடும்னு எங்க எழுதினேன்? மூடாதுன்னு எழுதினேன். வெட்டின படி மூடியிருந்தா அடுத்த தடவை எதுல கால் வெச்சு ஏறுவாங்க? நீங்க கொண்டு வந்த சாட்சி என் பக்கம் பேசுது.

ஈசூன்_எறும்பு:
அது பெரிய வெட்டு. சின்ன ஓட்டை மூடும்.

புல்லறுப்பான்:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். தென்னை மரமே இல்ல. வெளியே வைரம் (கெட்டியான கட்டை) உள்ளது புல், உள்ளே வைரம் உள்ளது மரம்னு தொல்காப்பியத்திலேயே இருக்கு. அதனால "மரம்"னு எழுதின எல்லாரும் திருத்துங்க.

ஈசூன்_எறும்பு:
சரி, புல்லுல ஓட்டை மூடும். சந்தோஷமா?

செயின்சா_செல்லப்பா:
சண்டை இருக்கட்டும். ஸ்பைக் வேணாம்னா பத்து மீட்டர் தென்னையில எப்படிப் போறது? மட்டைக்கு மேல த்ரோலைன் (எடை கட்டின மெல்லிய கயிறு) வீசிக் கயிறு ஏத்தினா, ஆள் எடை தாங்காம மட்டை அடியோட பிய்யும்.

கயிறுவாத்தி:
சரியான கேள்வி. மட்டையில தொங்கவே கூடாது. லாரி நுழையுற இடம்னா பூம் லிஃப்ட் (ஆளைத் தூக்குற இயந்திரக் கை), பேச்சே இல்ல. நுழையாத இடத்துல ரெண்டு கயிறு: ஒண்ணு இடுப்பு ஹார்னஸுக்கு (பாதுகாப்புப் பட்டை), இன்னொண்ணு காலுக்கு. ரெண்டுமே தண்டை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி சுருக்குப் போடணும். கால் கயிறுல நின்னு இடுப்புக் கயிறை மேல தள்ளு, இடுப்புல உக்காந்து கால் கயிறை மேல இழு. ஊர்ல தென்னை ஏறும் கருவி வேலை செய்யுறதும் இதே கணக்குதான். லான்யார்டை (தண்டைச் சுத்தி இடுப்போட மாட்டுற கயிறு) சும்மா ஒரு வளையமா சுத்தி விட்டுட்டு ஏறினா, கால் வழுக்கின நொடியில ஆளும் வளையமும் சேர்ந்து தரைக்கு வரும். தண்டுல நடுவுல பிடிக்கக் கிளை ஏது? மேல போனதும், அறுக்கறதுக்கு முன்னாடி ரெண்டாவது பிடிப்பு போட்டாகணும். ஏன்னா கைவாள் ஒரு இழுப்புல கயிறை அறுத்துடும். உள்ளே ஸ்டீல் ஓடுற லான்யார்டு கொஞ்சம் தாங்கும், செயின்சா முன்னாடி அதுவும் நம்பிக்கை இல்ல.

மட்டையிலயும் கவனம். கிடைமட்டத்துக்கு மேல நிக்கிற பச்சை மட்டையைத் தொடாதீங்க. மொட்டையடிச்சுக் கோழி வால் மாதிரி நாலு மட்டை விட்டா குருத்துக்குச் சோறு போடுறது யார்? காய்ஞ்சும் இழுத்தா வராத அடிமட்டையைப் பிடுங்காதீங்க, அதுவும் காயம்தான்.

ஈசூன்_எறும்பு:
கேட்டது கால் பக்கம், வந்தது கட்டுரை. ஸ்பைக் போட்டா ஏறுற நேரம் பாதி. ஓட்டையும் மூடிக்கும்.

கயிறுவாத்தி:
மூடாது. அந்த ஓட்டையில வடியுற சாறு வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும், முட்டை வைக்கும். புழு உள்ளே குடைஞ்சு முடிச்சு, குருத்து சாயும்போதுதான் வெளியே தெரியும். சாறு வடிதல் நோய்க்கும் காயம்தான் வாசல். அதனாலதான் ஊர்லயே படி வெட்டாதீங்கன்னு சொல்றாங்க. ராயல் பாம்ல வேற தொல்லை: வெளி வைரம் கெட்டி. முள் இறங்காம வழுக்கினா முழங்காலும் முகமும் தண்டுல உரசிட்டு வரும்.

தோபாயோ_தம்பி:
அண்ணே, "மூடும்"னா என்ன அர்த்தம்னு ரெண்டு பேரும் முதல்ல சொல்லுங்களேன். தூங்குமூஞ்சியில கூட உள்ளே கெட்ட கட்டை கெட்டதுதான். மரம் அதைச் சுவர் கட்டி அடைக்குது, புண்ணை ஆத்துறதில்ல. ஷைகோங்கிற அமெரிக்க மர ஆய்வாளர் 1970கள்லயே எழுதிட்டார்.

ஈசூன்_எறும்பு:
தம்பி, பெரியவங்க பேசுறோம் லா. மூடும்னா மூடும்.

கயிறுவாத்தி:
தம்பி சொல்றது சரி, ஆனா இப்போ அது இல்ல விஷயம். தென்னையில மூடாது.

புல்லறுப்பான்:
அங்சானாவையும் தமிழ்ல வேங்கைன்னு எழுதலாமே.

கயிறுவாத்தி:
வேங்கை டெரோகார்ப்பஸ் மார்சுபியம். அங்சானா டெரோகார்ப்பஸ் இண்டிகஸ். பங்காளிங்க, ஒரே ஆள் இல்ல.

புல்லறுப்பான்:
பங்காளின்னா குடும்பப் பேர் ஒண்ணுதானே?

செயின்சா_செல்லப்பா:
வாத்தி, கால் கயிறு முறைக்கும் பர்மிட் வேணுமா?

கயிறுவாத்தி:
விழுந்தா 3 மீட்டருக்கு மேல விழுற வேலைன்னா பர்மிட் வேணும். சிங்கப்பூரோட 2013 விதிமுறை. கயிறா, ஸ்பைக்கா, ஏணியான்னு அது பார்க்காது.

ஈசூன்_எறும்பு:
சட்டம் பேசுறவர்தானே போன மாசம் பிளேக் முடிச்சுக்கு (கயிறுல ஏறுறப்ப ஆளைத் தாங்குற முடிச்சு) அஞ்சு சுத்துன்னு எழுதிட்டு, மறுநாள் பதிவையே அழிச்சது?

கயிறுவாத்தி:
அழிக்கல, திருத்தினேன். நாலு சுத்து, வால் (கயிறோட மிச்ச முனை) கீழ் ரெண்டு சுத்துக்குள்ள புகுந்து வரணும், வால் நுனியில நிறுத்து முடிச்சு. அஞ்சுன்னு எழுதினது விரல் தவறு. வாலைத் தப்பான இடத்துல விட்டு ஆளை விழ வைக்கிற படத்தை இங்கே போட்டது யாருன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.

ஈசூன்_எறும்பு:
அந்தப் படம் வேற ஒருத்தர் போட்டது, நான் பகிர்ந்தேன், அவ்வளவுதான். பேச்சை மாத்தாதீங்க. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பக்கம் போய்த் தென்னைகளைப் பாருங்க, ஓட்டை இல்லாத தண்டு எத்தனை?

கயிறுவாத்தி:
ஓட்டை இன்னும் கண்ணுக்குத் தெரியுதுன்னா மூடலைன்னுதானே அர்த்தம்?

ஈசூன்_எறும்பு:
அது புது ஓட்டை.

புல்லறுப்பான்:
தண்டு இல்ல, அடிமரம்னு சொல்லணும். புல்லுக்கு அடிமரம் உண்டான்னு யோசிக்கிறேன்.