எம்.ஃபில். கிளினிக்கல்: ராஞ்சியா, சென்னையா? (2025-26 சேர்க்கை நேரத்து இணைய உரையாடல்)

கோவைக்_குழப்பம்:
எம்.எஸ்சி. சைக்காலஜி கடைசி செமஸ்டர். எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜிக்கு 2025-26 சேர்க்கை வரைதான் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி நீட்டித்திருக்கிறது என்பதால் பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி சிஐபி (இரண்டும் மத்திய அரசின் மனநல நிறுவனங்கள்), சென்னையில் ஒரு தனியார் கல்லூரி என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் விண்ணப்பம் போட்டுவிட்டேன். ராஞ்சி கிடைத்தால் போகலாமா? என் இந்தி சினிமா பார்க்கிற அளவுக்குத்தான். சென்னைக் கட்டணத்தைச் சொன்னதும் அப்பா ஒன்றும் பேசாமல் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார். வீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கல்லூரியில் "ஆர்சிஐ அனுமதி வந்துடும், சீட்டைப் பிடிச்சு வைங்க" என்கிறார்கள் (ஆர்சிஐ என்றால் இந்தப் படிப்பை அங்கீகரிக்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சில்). நம்பலாமா?

சூடுபட்ட_பூனை:
நம்பாதே. இதே வசனத்தைக் கேட்டுப் பணம் கட்டியவன் நான், நாங்கள் முடித்து வெளியே வரும்வரை அந்த அனுமதி வரவில்லை. கையில் சான்றிதழ் இருக்கிறது, ஆர்சிஐ பதிவு எண் இல்லை. 2017 மனநலச் சட்டப்படி நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டே இல்லை, பள்ளியில் கவுன்சிலராக இருக்கிறேன். ஆர்சிஐ தளத்தில் கல்லூரிப் பெயர் இருந்தால் மட்டும் போதாது, எந்தப் படிப்புக்கு, எந்த வருடம் வரை அனுமதி என்பதையும் பார்.

காங்கே_ரிட்டர்ன்:
நான் ராஞ்சியில் படித்தவள்மா. 1918-இல் தொடங்கிய இடம், வார்டில் பார்க்காத கேஸ் இல்லை. மொழிதான் முதல் மூன்று மாதம் அழ வைக்கும். கேஸ் ஹிஸ்டரி எப்படியோ எடுத்துவிடலாம், ஆனால் 'மனசு பாரமா இருக்கு' என்பதற்கும் 'நெஞ்சு படபடங்குது' என்பதற்கும் நடுவில் இருக்கிற தூரம் இந்தியில் பிடிபட எனக்கு ஒரு வருடம் ஆனது. குழந்தைகளிடம் அந்தத் தொல்லை இல்லை. செகுயின் பலகை என்று குழந்தைகளுக்கான ஒரு அறிவுத்திறன் சோதனை, அதில் பத்து மரத்துண்டுகளையும் அந்தந்தக் குழியில் பொருத்தச் சொன்னால் ஒரு பையன் நட்சத்திரத்தை மட்டும் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான், ஸ்டாப்வாட்ச் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுதிய முதல் ரிப்போர்ட் நான்கு தடவை சிவப்பு மையோடு திரும்பி வந்தது. அப்படித் திருப்பி அனுப்ப ஆள் இருக்கிற இடமா என்பதுதான் கேள்வி, ஊர் அப்புறம். நிம்ஹான்ஸ் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், அங்கே தமிழ் பேசும் நோயாளிகளும் வருவார்கள்.

ஓபி_வாசல்:
சென்னையை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலை அந்த மருத்துவமனையின் மனநலப் பிரிவு ஓபி வாசலில் போய் உட்காருங்கள். கூட்டம் இருக்கிறதா, உள்நோயாளி வார்டு சொந்தமா இல்லை வேறெங்கோ அனுப்புகிறார்களா என்று பாருங்கள். இரண்டாம் வருட மாணவர் யாரையாவது டீக்கடையில் பிடித்து, சூப்பர்வைசரோடு வாரம் எத்தனை மணி நேரம் உட்காருகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்வதற்கு முன் அவர் சிரித்தால் நடையைக் கட்டுங்கள். கடன் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் என் ஓட்டு ராஞ்சிக்கு.

கோவைக்_குழப்பம்:
பக்கத்துக் கல்லூரியைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். திங்கட்கிழமை சென்னைக்கு டிக்கெட் போட்டாச்சு. அக்கா, ராஞ்சியில் குளிர் எப்படி?

காங்கே_ரிட்டர்ன்:
கோவைக் குளிரெல்லாம் கணக்கிலேயே வராது. ஸ்வெட்டர் இரண்டு, அப்புறம் ஒரு ஊறுகாய் பாட்டில்.