பள்ளி பார்க்கிங் விளக்குக் கம்பமும் சோனிங் போர்டும்: விசாரணைக்குப் போனவர்கள் அனுபவம்

நியூ ஜெர்சி, பள்ளிக்குப் பின்வீட்டுக்காரர்

எங்கள் பின்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் பள்ளி. பெயர் வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலைகளில் தமிழ்ப் பள்ளியும் அதே கட்டடத்தில்தான் நடக்கிறது, என் மகள் அங்கே படிக்கிறாள். டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். பார்க்கிங்கில் வெளிச்சம் போதாது என்று புலம்பிய பெற்றோர்களில் நானும் உண்டு. அந்த நேரத்தில்தான் பதிவுத் தபால் வந்தது: ஊர் விதிப்படி விளக்குக் கம்பம் 15 அடிதான் இருக்கலாம், பள்ளி 25 அடிக்கு சோனிங் போர்டிடம் (ஊரின் நிலப் பயன்பாட்டு விதிகளைக் கவனிக்கும் குழு) வேரியன்ஸ், அதாவது விதிவிலக்கு, கேட்கிறது.

இந்த மாநிலத்தில் சுற்றிலும் 200 அடிக்குள் சொத்து வைத்திருக்கும் எல்லோருக்கும் விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்பாக இப்படித் தெரிவிக்க வேண்டும். வரைபடங்களும் அதே 10 நாள் முன்பாக டவுன்ஷிப் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் போய்ப் பார்ப்பதில்லை. விசாரணை அன்றுதான் பெரிய தாளை முதன்முதலாக விரிக்கிறார்கள், அங்கே பிடிபடாது.

கூட்டம் எதிர்பார்த்தபடியே சூடாகத்தான் ஆரம்பித்தது. ஒருவர் "எங்கள் தூக்கம் போகும்" என்றார். இன்னொருவர் "பிள்ளைகள் இருட்டில் நடக்கணுமா?" என்றார், கைதட்டல் வேறு. இரண்டையும் போர்டின் தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது சாட்சியிடம் கேள்வி கேட்கும் நேரம், கருத்து பிறகு" என்று உட்கார வைத்தார். போர்டு பார்ப்பது வேறு. நிலத்தின் வடிவமோ சரிவோ விதியைக் கடைப்பிடிக்க விடாமல் செய்கிறதா, இல்லை விலக்கு கொடுப்பதால் வரும் நன்மை பாதிப்பைவிடப் பெரிதா, எப்படி இருந்தாலும் அக்கம்பக்கத்துக்குக் கணிசமான கெடுதல் உண்டா என்பதுதான். பள்ளியின் வக்கீல் இதில் தேர்ந்தவர். நிலம் ஒடுக்கமாக நீண்டிருக்கிறது, 15 அடிக் கம்பம் என்றால் நடுவிலேயே நிறைய நட வேண்டும், பஸ் திரும்ப முடியாது என்று அழகாக அடுக்கினார்.

என் முறை வந்தபோது வேலிக்கோட்டில் எத்தனை ஃபுட்கேண்டில் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) என்று கேட்டேன். பள்ளியின் சாட்சியாக வந்த எஞ்சினியர் தாளைப் பார்த்து 0.3 என்றார், ஊர் வரம்பு 0.5. அப்புறம் கேட்டதுதான் முக்கியம்: "அது தரையில் விழும் வெளிச்சம். பள்ளியின் தளத்தைவிட எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் விளக்கின் முகம் தெரியுமா?" தாளில் அதற்குப் பதில் இல்லை. ஃபுட்கேண்டில் கணக்கு கண்கூச்சத்தைச் சொல்லாது. வெளிச்சம் வேலியைத் தாண்டாமலே விளக்கு கண்ணைக் குத்தலாம்.

வேரியன்ஸ் கொடுத்தார்கள், நிபந்தனைகளோடு. வேலியோர வரிசைக்கு மட்டும் 20 அடி, வீட்டுப் பக்கம் மறைப்புத் தகடு, விளக்கின் நிறம் 3000 கெல்வினுக்கு மேல் போகக்கூடாது (எண் கூடக் கூட வெளிச்சம் நீலமாகும்), இரவு 10 மணிக்கு மேல் மங்கலாக்கி ஆள் நடமாட்டம் வந்தால் மட்டும் முழு வெளிச்சம். எனக்கு இது போதும், கேட்கப் போனதும் இவ்வளவுதான். ஆனால் கம்பம் நட்ட பிறகு பார்த்தால் இரண்டில் தகடே இல்லை. நிபந்தனைகளை எழுதிய போர்டுத் தீர்மானத்தின் நகலைக் கொண்டுபோய் சோனிங் அதிகாரியிடம் காட்டிய பிறகுதான் ஏணியோடு ஆள் வந்தார்.

இல்லினாய், இந்தத் தாள்களைப் போடுகிற எலக்ட்ரிக்கல் எஞ்சினியர்

மேலே எழுதியவர் கேட்டது சரியான கேள்வி. எங்கள் ஆட்களை மடக்க இன்னொன்றும் சொல்கிறேன், தொழில் துரோகம் என்று நினைக்க வேண்டாம். போட்டோமெட்ரிக் பிளானில், அதாவது எங்கே எவ்வளவு வெளிச்சம் விழும் என்று காட்டும் தாளில், கட்டங்கட்டமாகத் தெரியும் எண்கள் பெரும்பாலும் விளக்கு பழசாகி, தூசி படிந்த பிறகான அளவு. அதற்கு ஒரு குறைப்புக் காரணி போட்டிருப்போம், 0.85 என்பது போல. அப்படியென்றால் முதல் நாள் வெளிச்சம் தாளில் இருப்பதைவிட அதிகம். "காரணி எவ்வளவு? அதை 1 ஆக வைத்தால் வேலியில் என்ன வரும்?" என்று கேளுங்கள்.

அதேசமயம் உயரக் கம்பம் என்றாலே கெடுதல் என்று எதிர்ப்பதும் எனக்கு ஒப்பாது. கம்பம் குட்டையாக, இடைவெளி அகலமாக இருந்தால் விளக்கு வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வீச வேண்டியிருக்கும், கண்கூச்சமே அதிலிருந்துதான். உயரத்திலிருந்து நேர்கீழே அடிக்கும் விளக்கு பல சமயம் நல்லது. உயரத்தோடு சண்டை போடுவதைவிட விளக்கின் பக் (BUG) ரேட்டிங்கைப் பாருங்கள், வெளிச்சம் எந்தப் பக்கம் எவ்வளவு சிதறும் என்ற மதிப்பீடு அது. பின்பக்கம், மேல்பக்கம், கண்கூச்சம் என்று மூன்றுக்கும் தனித்தனி எண் இருக்கும். மேல்பக்க எண் பூஜ்யமாக இருக்கட்டும், வேலிப்பக்க விளக்குகளுக்குப் பின்பக்க எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

அரசுப் பள்ளி என்றால் ஊர் சோனிங் விதி செல்லாது என்று இங்கே பல வருடம் சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிரிஸ்டல் லேக்கில் ஒரு பள்ளி மைதானத்தில் ஊர் அனுமதி இல்லாமல் பெரிய பார்வையாளர் இருக்கைகளைக் கட்டியதில் வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015-ல் தீர்ப்பு வந்தது, பள்ளி மாவட்டமும் ஊர் விதிக்குக் கட்டுப்பட்டதுதான் என்று. மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும், உங்கள் ஊரில் எப்படி என்று முதலில் விசாரியுங்கள்.

அரிசோனா, ஃபிளாக்ஸ்டாஃப்

இங்கே கதையே வேறு. 1930-ல் புளூட்டோவைக் கண்டுபிடித்த லோவல் வானாய்வகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. 1958-லேயே தேடுவிளக்குகளுக்குத் தடை போட்ட ஊர் இது, 2001-ல் உலகின் முதல் சர்வதேச இருள்வான நகரம் என்ற பட்டமும் வந்தது. ஏக்கருக்கு இத்தனை லூமென்தான் (விளக்குகள் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு) என்று கணக்கு. பழைய மஞ்சள் சோடியம் விளக்கின் கீழே கார் சிவப்பா நீலமா என்றே தெரியாது. பார்க்கிங்கில் சொந்தக் காரைத் தேடுவது ஒரு தனி வேலை. இப்போது ஆம்பர் எல்இடி வருகிறது, பழகிவிட்டது. வானம் மட்டும் அற்புதம்.

பென்சில்வேனியா

எங்களுக்கும் கடிதம் வந்திருக்கிறது, அடுத்த வாரம் விசாரணை. வக்கீல் வைக்கணுமா?

நியூ ஜெர்சி

உங்கள் மாநில நடைமுறை வேறாக இருக்கும், அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் வக்கீல் வைக்கவில்லை. வரைபடத்தை முன்கூட்டியே போய்ப் பாருங்கள், உங்கள் பக்க வேலிக்கோட்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் மாடி ஜன்னலிலிருந்து ஒரு படம் எடுத்து, அச்சுப் போட்டுக் கொண்டுபோங்கள். போனில் காட்டினால் அதைப் பதிவில் சேர்ப்பது தொல்லை. "வேண்டாம்" என்று மட்டும் சொல்லாமல் உயரம், தகடு, நேரம் என்று குறிப்பாகக் கேளுங்கள், போர்டு அதைத்தான் நிபந்தனையாக எழுத முடியும். எங்கள் பள்ளித் தீர்மானத்தின் நகல் வேண்டுமானால் தனிச்செய்தி அனுப்புங்கள், பெயர்களை மறைத்துத் தருகிறேன்.