3டி பிரிண்டரில் அச்சடித்த ஃபீடர் தட்டு காலையில் ஓடுகிறது, 11 மணிக்கு மேல் சிக்குகிறது

பனங்காட்டுப் பட்டறை:
வணக்கம், சேலத்திலிருந்து எழுதுகிறேன். கொலுசுச் சலங்கைக்கான அரைக்கிண்ணங்களை வரிசையாக அனுப்ப ஒரு ஃபீடர் செய்திருக்கிறேன். கிண்ணம் 6 மி.மீ., தகடு 0.3 மி.மீ. அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவர்கள் ஈயக் குண்டுகளை வரிசைப்படுத்த அச்சடித்துக்கொள்ளும் சாய்ந்த வட்டத்தட்டின் வரைபடம்தான் இது. 9 மி.மீ. குண்டுக்கான பள்ளத்தைக் கிண்ண அளவுக்குச் சுருக்கினேன். பி.எல்.ஏ. பிளாஸ்டிக், 12 வோல்ட் கியர் மோட்டார், 10 ஆர்.பி.எம்.

காலையில் சரியாக ஓடுகிறது. 11 மணிக்கு மேல் கிண்ணம் தட்டுக்கு அடியில் நுழைந்து நசுங்குகிறது. நேற்று மட்டும் நாற்பது போச்சு. கூலிக்குச் செய்கிற வேலை. வெள்ளி கொடுத்தவர் எடை போட்டுத்தான் வாங்குவார். இன்னொன்று, கிண்ணங்களில் பாதி தலைகீழாக விழுகிறது.

தோட்டா வரைபடம் என்றதும் பயப்பட வேண்டாம். இங்கே தோட்டா செய்ய 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்று தெரியும். எனக்குத் தட்டு மட்டும் போதும்.

ஏற்காட்டு மிளகு:
வெயில் ஏற ஏறக் காற்று காய்ந்துவிடும், பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் சேரும். ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். நானும் பி.எல்.ஏ.வில் விதை போடும் புனல் செய்திருக்கிறேன், இரண்டு வருடமாக ஒன்றும் ஆகவில்லை.

லேத் தம்பி:
மலைமேல் இருந்துகொண்டு சொல்கிறீர்கள் அண்ணா! இங்கே தகரக்கூரைக்குக் கீழே மே மாதம் எப்படி இருக்கும் தெரியுமா? பி.எல்.ஏ. 60 டிகிரியை நெருங்கினாலே இளகும். பட்டறைக்காரரே, மோட்டாரைப் பிடித்திருக்கும் தாங்கியும் பிளாஸ்டிக்தானே? பற்றவைக்கும் ஊதுகுழல் மேஜைக்கு எவ்வளவு தூரம்? காலையிலும் மதியமும் தட்டுக்கும் அடித்தளத்துக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் (சந்தை அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள்.

பனங்காட்டுப் பட்டறை:
ஆமாம், பிளாஸ்டிக்தான். மேஜை இரண்டடி தள்ளி. துடைத்தும் பார்த்தேன், பயனில்லை. இடைவெளி காலை 0.2 மி.மீ., மதியம் 0.6. மோட்டார் சூட்டில் தாங்கி தொங்கிவிட்டது போல.

லேத் தம்பி:
அதேதான். ஈயக் குண்டு கெட்டியானது, தடியானது, 0.6 சந்து இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. உங்கள் கிண்ணத்தின் விளிம்போ 0.3. சந்து அதைவிடப் பெரிதானால் உள்ளே போகத்தான் செய்யும். தாங்கியை அலுமினியப் பட்டையில் செய்து, சந்தை 0.15க்குக் கொண்டுவாருங்கள். தட்டை பி.இ.டி.ஜி. பிளாஸ்டிக்கில் மறுபடி அச்சடித்தால் நல்லது, 75, 80 டிகிரி வரை நிற்கும்.

தலைகீழ் விஷயத்துக்கும் காரணம் அதே மாதிரிதான். குண்டுக்கு ஒரு முனை கூர், ஒரு முனை தட்டை. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் அந்த வரைபடம் திருப்புகிறது. கிண்ணத்துக்கு அது வேலைக்காகாது. பள்ளத்தின் நடுவில் 1.5 மி.மீ. உயரத்துக்கு ஒரு குமிழ் வையுங்கள். வாய் கீழே இருக்கும் கிண்ணம் குமிழுக்குத் தொப்பி மாதிரி உட்கார்ந்துவிடும். வாய் மேலே இருப்பது குமிழ்மேல் தூக்கி நிற்கும். மேலே ஒரு பல்துலக்கும் பிரஷ்ஷைப் பொருத்தினால் தூக்கி நிற்பதைத் தள்ளிவிடும், அது உருண்டு மறுபடி கீழே போய்ச் சேரும்.

ஏற்காட்டு மிளகு:
சரி, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஊர்க் குளிரை வைத்துச் சேலத்துக்கு வைத்தியம் சொன்னது தப்புதான்.

பனங்காட்டுப் பட்டறை:
மூன்று நாள் ஆச்சு. அலுமினியத் தாங்கி போட்டதிலிருந்து ஒரு கிண்ணம்கூட நசுங்கவில்லை, மதியம் 2 மணிக்கும் சந்து அப்படியே இருக்கிறது. குமிழும் நன்றாக வேலை செய்கிறது. பிரஷ் முடிதான் இரண்டாவது நாளே மடங்கிவிட்டது.

லேத் தம்பி:
துணி துவைக்கிற பிரஷ்ஷில் ஒரு வரிசை வெட்டிப் போடுங்கள் அண்ணா. முடி தடியாக இருக்கும். நுனியைக் கொஞ்சம் கத்தரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் சரியாக உட்கார்ந்ததையும் தள்ளிவிடும்.