தற்செயலான தொழிற்சாலை மாசின் செலவை யார் ஏற்பது? துறை அறிந்தவர்களின் உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். விபத்தால் நேரும் தொழிற்சாலை மாசைத் துப்புரவு செய்யும் செலவும் இழப்பீடும் யாரைச் சேர வேண்டும் என்பது பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். சட்டமும் காப்பீடும் அறிந்தவர்களின் வழிகாட்டுதலை நாடுகிறேன்.

1986 நவம்பரில் சுவிட்சர்லாந்தின் பாசெல் அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் வேதிப்பொருள் கிடங்கு தீப்பற்றியபோது, தீயை அணைக்கப் பாய்ச்சிய நீரே பூச்சிக்கொல்லிகளை அடித்துக்கொண்டு போய் ரைன் ஆற்றில் கலந்தது. ஆற்று நீர் சிவந்தது, விலாங்கு மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. நீரைப் பாய்ச்சியது தீயணைப்புப் படை என்பதால் அரசுக்கும் இதில் பங்கு உண்டு என்று சிலர் வாதிடலாம். என்னால் அதை ஏற்க முடியவில்லை. அபாயகரமான பொருளைச் சேமித்து இலாபம் பார்ப்பவர்தான், அந்த நீரைத் தேக்கிவைக்கும் ஏற்பாட்டையும் முன்கூட்டியே செய்திருக்க வேண்டும்.

மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு விபத்துகளுக்கும் பொருந்தும் எனப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 1989-இல் பரிந்துரைத்தது. அதற்கு முன்பே, டெல்லி ஆலை ஒன்றில் ஓலியம் என்ற அடர் கந்தக அமிலத்தின் வாயு கசிந்தது தொடர்பான வழக்கில், அபாயகரமான தொழிலை நடத்துபவர் கவனக்குறைவு இல்லாதபோதும் விதிவிலக்கின்றிப் பொறுப்பாவார் என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

நான் தடுமாறும் இடம் வேறு. நிறுவனம் திவாலாகிவிட்டால் மிச்சச் செலவு யாருடையது? அத்தொழில் சார்ந்த நிறுவனங்கள் அனைத்தும் பங்களிக்கும் பொது நிதியா, கட்டாயக் காப்பீடா, வரிப்பணமா? நிலத்தடிக் குழாயில் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிந்ததைக் காப்பீட்டு நிறுவனங்கள் விபத்தாக ஏற்கின்றனவா? இழப்பீட்டுக் கோரிக்கைகளை நேரடியாகக் கையாண்டவர்கள், தாங்கள் கண்ட நடைமுறையையும் படிக்க வேண்டிய தீர்ப்புகளையும் இங்கே பகிர்ந்தால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.