குடும்ப குரூப்ல அபாட் எலிமெண்டரி

அக்கா: அபாட் எலிமெண்டரி முதல் சீசன் 13 எபிசோடும் பாத்து முடிச்சாச்சு. சித்தி நீங்க அவசியம் பாக்கணும், உங்க ஸ்கூல் ஞாபகமாவே இருந்துச்சு

பெரிய மாமா: சீரியலாம்மா

அக்கா: காமெடி சீரிஸ் மாமா. அமெரிக்கால பிலடெல்ஃபியால ஒரு கவர்மெண்ட் பிரைமரி ஸ்கூல், டாக்குமெண்டரி எடுக்க வந்த கேமரா ஸ்கூலுக்குள்ளயே சுத்துற மாதிரி எடுத்திருக்காங்க, நடுநடுவுல டீச்சருங்க கேமராவ பாத்து ஒரு முழி முழிப்பாங்க பாருங்க, அதுக்கே சிரிப்பு வந்துடும். 2021 டிசம்பர்ல ஏபிசி சேனல்ல ஆரம்பிச்சது

பெரிய மாமா: வாத்தியார கேலி பண்ற படம்னா எனக்கு வேணாம். நம்ம சினிமால பாத்ததே போதும்

சித்தி: அண்ணா இது அப்படி இல்ல, நான் பாத்துட்டேன், தம்பிதான் போட்டு விட்டான். பசங்களையும் கேலி பண்ணல டீச்சரையும் கேலி பண்ணல. ஸ்கூல் அலங்கோலமா இருக்கறதுக்கு பசங்க காரணம் இல்ல, காசு வராததுதான் காரணம், அத தெளிவா காட்றாங்க

சித்தி: முதல் எபிசோடே கார்பெட் கதை. ஜெனீன்னு சின்ன வயசு டீச்சர், பசங்க உக்கார்ற கார்பெட்ல ஒரு பையன் ஒண்ணுக்கு போயிடுறான், வேற கார்பெட் வேணும்னு அந்த பொண்ணு பிரின்சிபால் பின்னாடியே அலையுது, பணமும் வருது, அந்த பிரின்சிபால் ஏவா என்ன பண்ணா தெரியுமா, தன் மூஞ்சிய போட்டு ஸ்கூல் வாசல்ல போர்டு வெச்சுட்டா!! கடைசில மெலிசா டீச்சர் தெரிஞ்ச ஆள புடிச்சு ஃபுட்பால் ஸ்டேடியத்துலேந்து கார்பெட் வர வெக்கிறாங்க

சித்தி: எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எங்க ஒண்ணாப்பு பசங்களுக்கு பாய் கேட்டு எத்தன லெட்டர் எழுதினேன், ஒண்ணும் நடக்கல, ஒரு பொண்ணோட அப்பாதான் சைக்கிள்ல ரெண்டு கோரைப்பாய் கட்டி எடுத்துட்டு வந்து போட்டாரு. அந்த பசங்க ஓரத்துல கோரைய உருவி பக்கத்துல இருக்கறவன் காதுல விடும், அத புடுங்கறதே எனக்கு வேல

தம்பி: அம்மா ரெண்டாவது எபிசோட் சொல்லு, லைட்டு மினுக்குதுன்னு ஜெனீனே ஏணில ஏறி சரி பண்ணப்போய் கரண்ட் போயிடும்ல

சித்தி: ஆமாடா. அங்கதான் நான் பார்பரா பக்கம். சீனியர் டீச்சர், முடிஞ்சத செய், முடியாதத தலைல தூக்கி போட்டுக்காதேங்கற ஆளு. முப்பது வருஷம் கிளாஸ்ல நிக்கணும்னா அந்த நிதானம் வேணும்

அக்கா: ஆனா ஜெனீன் மாதிரி ஒருத்தி ஏறலேன்னா அந்த லைட்டு மினுக்கிட்டேதான் இருக்கும் சித்தி

சித்தி: அதுவும் சரிதான்டி. ரெண்டு பேரும் ஒரே ஸ்கூல்ல இருக்கணும்

அக்கா: பார்பராவா நடிச்சவங்க ஷெரில் லீ ரால்ஃப். 2022ல டிவி சீரிஸுக்கு குடுக்கற எம்மி விருது வாங்கினப்போ மேடையிலயே பாடுவாங்க, அந்த வீடியோ அனுப்புறேன். ஜெனீனா நடிக்கிற குவிண்டா பிரன்சன்தான் சீரிஸையே உருவாக்கினது, அவங்களுக்கும் அதே வருஷம் எழுத்துக்கு எம்மி

பெரிய மாமா: ஸ்கூல பத்தி இவ்வளவு எப்படி தெரியும் அந்த பொண்ணுக்கு

அக்கா: அவங்க அம்மா பிலடெல்ஃபியாலயே கிண்டர்கார்டன் டீச்சர் மாமா. அபாட்ங்கற பேரு கூட குவிண்டாவுக்கு ஆறாங்கிளாஸ் எடுத்த ஜாய்ஸ் அபாட் டீச்சரோட பேரு. இன்னொண்ணு, விளம்பரத்துக்கு வெச்சிருந்த காசுல ஒரு பகுதிய எடுத்து நிஜ டீச்சருங்களுக்கு கிளாஸ் சாமான் வாங்கி குடுத்திருக்காங்க

பெரிய மாமா: அடேயப்பா. படிப்பு சொல்லி குடுத்தவங்க பேர ஸ்கூலுக்கே வெச்சிருக்கா, நல்ல பொண்ணு. ஞாயித்துக்கிழமை வரேன், டிவில போட்டு விடுங்க

தம்பி: மாமா உங்களுக்கு ஏவாதான் புடிக்கும் பாருங்க

சித்தி: எனக்கு அவள புடிக்கல. மேலதிகாரி வேற ஒருத்தியோட வெச்சிருந்த கள்ளத்தொடர்ப சொல்லி அவரையே மிரட்டி பிரின்சிபால் சீட்டுக்கு வந்தவ. முறையா இன்டர்வியூ குடுத்த கிரெகரி பாவம் சப்ஸ்டிட்யூட் வாத்தியாரா வந்து நிக்கறான்

தம்பி: மூணாவது சீசன் பாரும்மா, லீவுல ஹார்வர்டு போய் படிச்சுட்டு வந்து ஸ்ட்ரிக்ட்டா ஆயிடுவா

சித்தி: ஸ்ட்ரிக்ட் ஆனா போதுமாடா, முதல்ல அந்த போர்ட கழட்ட சொல்லு