பழைய ஆடி க்யூ7 (Audi Q7, ஏழு பேர் உட்காரும் கார்) எடுக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். வீட்டில் அம்மா, அப்பா, பிள்ளைகளோடு ஆறு பேர். கோவையிலிருந்து ஊருக்குப் போக ஒவ்வொரு முறையும் இரண்டு வண்டி எடுத்து அலுத்துவிட்டது. 2018 க்யூ7, 3 லிட்டர் டீசல் ஒன்று பார்த்தேன். மீட்டர் 38,000 கி.மீ. காட்டுகிறது. ஆனால் நான்கு டயரிலும் 2221 என்று இருக்கிறது, அதாவது 2021இன் 22ஆம் வாரத்தில் தயாரானவை. மூன்றே வருடத்தில் முதல் செட் போய்விட்டதா? ஸ்டியரிங் தோலும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. மீட்டரைக் குறைத்திருப்பார்களோ என்று சந்தேகம். கேட்டால், "டாக்டர் ஓட்டிய வண்டி சார்" என்கிறார் புரோக்கர். (எல்லாப் பழைய காரும் டாக்டர் ஓட்டியதுதானே!)

சேசிஸ் நம்பரை வைத்து சர்வீஸ் சென்டரில் பழைய கி.மீ. கணக்கைக் கேட்டால் தருவார்களா? அப்புறம், ஏர் சஸ்பென்ஷனை (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் வண்டியைத் தாங்கும் அமைப்பு) எப்படிச் சோதிப்பது? மூன்றாம் வரிசையில் பெரியவர்கள் உட்கார முடியுமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார்கள்.