கிழிந்த பக்கத்து இளவரசி: பிரெஞ்சு இசையிலும் கதையிலும் உங்களை விடாத ஒரு கணம்

செய்ன்_கரை

பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேலின் 'குழந்தையும் மாயங்களும்' என்ற ஓபராவை, அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகத்தை, இங்கே பலர் பார்த்திருப்பீர்கள், ஆகவே கதையைச் சொல்லப் போவதில்லை. நாற்காலி பேசுவதும் தேநீர்க்குடுவை வம்புக்கு வருவதும் பூனைகள் கொஞ்சுவதும் எல்லோருக்கும் பிடிக்கும். என்னை இன்னும் உறுத்துவது இளவரசி வரும் இடம்தான். கோபத்தில் பையன் கிழித்துப்போட்ட கதைப்புத்தகத்திலிருந்து அவள் எழுந்து வருகிறாள். உடன் ஒலிப்பது புல்லாங்குழல். நேற்றிரவு உன்னைத் தூங்கவிடாத கதை என்னுடையதுதானே, புத்தகத்தைக் கிழித்துவிட்டாயே, இனி என் கதி என்ன என்று கேட்கிறாள். அவளைக் காப்பாற்ற ஒரு வாள் கிடைக்காதா என்று பையன் தவிக்கிறான். கண்ணெதிரே அவள் தரைக்குள் இழுபட்டு மறைகிறாள். அதன் பிறகு அவன் கிழிசல்களைக் கிளறி அந்தக் கதையின் முடிவைத் தேடுகிறானே, அதை என்னால் பார்க்கவே முடியவில்லை. கையில் சிக்குவதெல்லாம் வறண்ட பாடப்புத்தகத் தாள்கள்.

பக்கத்தில் இருந்த என் மகள், "அம்மா, அவளுக்கு என்ன ஆயிற்று?" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். பாடல்வரிகளை எழுதிய கொலெத் அதற்குப் பதில் வைக்கவே இல்லை. அடுத்த நொடியே கணக்குக் கிழவன் குதித்து வந்து நாலும் நாலும் பதினெட்டு என்று கத்த ஆரம்பித்துவிடுகிறான். மகளுக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

நான்குகை

சொல்லாமல் இருந்ததே சரி. ஆனால் ரவேலின் மாயத்தைக் காண 1925ஆம் ஆண்டு ஓபராவும் மேடை ஜோடனையும் வேண்டுமா என்ன? 1910இல் அரங்கேறிய அவருடைய 'மா மேர் லுவா' போதும், குழந்தைக் கதைகளை வைத்து அமைத்த பியானோ இசை. கொதெப்ஸ்கி வீட்டுக் குழந்தைகள் இருவருக்காக, ஒரே பியானோவில் நான்கு கைகள் வாசிக்க எழுதியது. அதில் காட்டில் வழி தவறும் சுண்டுவிரல் பையனின் பகுதியை என் தங்கையோடு வாசித்தேன். தொடக்கத்தில் இரண்டு தட்டு, அடுத்து மூன்று, நான்கு, ஐந்து என்று தாளம் நீண்டுகொண்டே போகும். எங்கே கால் வைப்பது என்று விரலுக்கே தெரியாது. அவன் தூவி வந்த ரொட்டித் துணுக்குகளைத் தின்ன பறவைகள் வரும் இடத்தில் தங்கை வாசிப்பதை நிறுத்திவிட்டாள். "எல்லாவற்றையும் தின்றுவிட்டன, அண்ணா" என்றாள். அப்போது அவளுக்கு அந்தக் கதையே தெரியாது.

புதுவைப்_பெரியம்மா

எனக்கு சந்த் எக்சுபெரியின் 'குட்டி இளவரசன்' கதை. ஆட்டுக்குட்டி ஒன்று வரைந்து தரச் சொல்லி இளவரசன் கேட்கிறான் இல்லையா, விமானி சலித்துப்போய்ப் பெட்டி ஒன்றை வரைந்து, ஆடு உள்ளே இருக்கிறது என்கிறார். என் தங்கை மகன் அந்தப் படத்தின் ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தான். தூங்குகிறது என்றான். அடுத்த வரியை நான் இன்னும் படிக்கவே இல்லை. அதிலும் அதேதான் எழுதியிருக்கிறது!

செய்ன்_கரை அவர்களே, கேட்டதால் சொல்கிறேன். கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறேன். குழந்தையை ஓபராவுக்கு அழைத்துப் போகுமுன் கதை முழுவதையும் சொல்லிவிடாதீர்கள். திரையில் ஓடும் வரிகளைக் காதில் ஓதவும் வேண்டாம். முக்கால் மணி நேரப் படைப்பு, குழந்தை தாங்கும். புத்தகமானால் படத்தின் மேல் கையை வைத்து மறைக்காமல் பிடியுங்கள். சந்த் எக்சுபெரி தாமே வரைந்தவை, கதையில் பாதி அவற்றில்தான் இருக்கிறது. பிரெஞ்சு வராத வீட்டில் வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் செய்த க்ரியா பதிப்பக மொழிபெயர்ப்பை வாங்குங்கள். வாழ்க்கைத் தத்துவம் என்று முன்னுரை கொடுத்துப் படிக்காதீர்கள். நரி வரும் அத்தியாயத்தைப் படுக்கும் நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள், பாதியில் நிறுத்த விடமாட்டார்கள். நான்குகை சொல்வதுபோல ஓபரா வேண்டாம் என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். அணிலின் காயத்துக்குப் பையன் கட்டுப்போடும் இடத்தை எந்தப் பியானோ காட்டும்?